வெயில் பொதுவாம், பேட்டரி யாருக்கு?

போன ஆடியில் பாளையங்கோட்டையில் ஒரு கருத்தரங்கம், பசுமை மின்சாரம் பற்றி. பேச வந்தவர் நல்ல மனிதர்தான். இடிந்தகரைப் பந்தலில் மீனவப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தவர். ‘நிலக்கரிக்கு முதலாளி உண்டு, அணுவுக்குப் போலீஸ் உண்டு, வெயிலுக்கு மட்டும் எஜமான் கிடையாது, சூரியன் சாதி பார்ப்பதில்லை’ என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பழக்கதோஷம். மூட்டுவலிக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த என் அம்மாவையும் அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவள் என் காதருகே குனிந்து, ‘வெயிலு நமக்கு என்னைக்குளா கொறைஞ்சிருக்கு? ராத்திரிக்கு என்ன செய்யணும்னு அந்த சாரு சொல்லுவாவளா?’ என்று கேட்டாள்.

கடைசிவரை அவர் சொல்லவில்லை.

எங்கள் ஊர் திருச்செந்தூருக்கு மேற்கே, தேரிமணல் முடிந்து வாழைத்தோட்டம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. வெயிலில் நிற்பதுதான் அங்கே எங்கள் உத்தியோகம். தேரிச் செம்மணலில் மத்தியானம் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சூரியனுடைய சமத்துவம் எப்படிப்பட்டது என்று. சூரியன் சாதி பார்க்காமல் இருக்கலாம். நிழல் பார்க்கிறது. யார் வெயிலில் வாழைத்தார் சுமப்பது, யார் மரத்தடியில் நாற்காலி போட்டு எண்ணிக்கை வைப்பது என்பதெல்லாம் சூரியன் எழுதிய சட்டம் இல்லையே.

சரி, விஷயத்துக்கு வருவோம். வெயிலில் பிறக்கிற மின்சாரம் உச்சிப்பொழுதில் கொட்டுகிறது. நமக்கு விளக்கு வேண்டியது பொழுது சாய்ந்த பிறகு. காற்றாலையும் அப்படித்தான். கயத்தாறிலும் ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் வைகாசியில் தொடங்கிப் புரட்டாசிவரை பேய்ச்சுற்றுச் சுற்றும். ஐப்பசி பிறந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். 1986இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் அரசாங்கம் சோதனைக்காகக் காற்றாலை நட்டுப் பார்த்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் காற்றையும் வெயிலையும் கூட்டினால் நிறுவுதிறன் 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வாங்கி வைக்க வழியில்லாமல், நல்ல காற்று வீசுகிற நாளிலேயே ஆலையை நிறுத்தச் சொன்ன காலமும் உண்டு. ஆகவே இனி உற்பத்தி பெரிய காரியமில்லை, சேமிப்புதான் காரியம் என்று மின்துறை வல்லுநர்கள் சொல்லுகிறார்கள். சரியாகத்தான் சொல்லுகிறார்கள். ஆனால் சேமிப்பு என்றால் என்ன என்று அவர்களைவிட நமக்கு நன்றாகத் தெரியும். நம்மிடம் அது இருந்ததே இல்லை என்பதால் தெரியும்.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூவு. இரண்டிலும் நட்டது நம் பெண்கள். அறுத்தது நாம், கட்டுச் சுமந்தது நாம், களத்தில் அடித்துத் தூற்றியது நாம். நெல் போய்ச் சேர்ந்த இடமோ பண்ணையார் வீட்டுப் பத்தாயம், கோயில் களஞ்சியம், மடத்துக் கிட்டங்கி. நமக்கு மரக்காலில் அளந்த கூலி. அது தீர்ந்தபிறகு அடுத்த அறுப்புவரைக்கும் இடைப்பட்ட மாதங்களில், நாமே அறுத்துக் கொடுத்த நெல்லை அதே பத்தாயத்தின் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கடனாகக் கேட்க வேண்டும். என் ஆச்சி சொல்லுவாள்: ‘நெல்லு அவிய வீட்டுல தூங்கும்ளா, பசி நம்ம வீட்டுல முழிச்சிருக்கும்.’ பண்ணையாரின் அதிகாரம் நிலத்தில் மட்டும் இருந்ததாக நம் இயக்கங்கள் எழுதிவைத்திருக்கின்றன. பாதிதான் உண்மை. விளையாத மாதத்திலும் அவனிடம் நெல் இருந்தது, அதுதான் அவன் அதிகாரம். பத்தாயச் சாவி எந்த இடுப்பில் தொங்கியதோ அந்த இடுப்புக்கு முன்னால்தான் ஊர் குனிந்தது.

நாம் சேர்த்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே மாவட்டத்தில் பாடம் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31, கொடியன்குளம். வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்த காசில் கொஞ்சம் நிமிர்ந்து நின்ற தலித் கிராமம் அது. குற்றவாளியைத் தேடுகிறோம் என்று வந்த நூற்றுக்கணக்கான போலீஸ் என்ன செய்தது? மின்விசிறியை உடைத்தது, தொலைக்காட்சிப் பெட்டியை உடைத்தது, டேப் ரெக்கார்டரை, தையல் மிஷினை, சைக்கிளை உடைத்தது. தானியம் வைத்திருந்ததை நாசம் பண்ணியது. பாஸ்போர்ட்டையும் பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழையும் தீயில் போட்டது. பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். குற்றவாளி ஒளிந்திருக்கக்கூடிய பொருள் ஒன்றாவது அதில் இருக்கிறதா? அத்தனையும் சேமிப்பு. வருஷக்கணக்கில் பாலைவனத்தில் வேகவைத்த உழைப்பு, பொருளாக மாறி வீட்டுக்குள் இருந்தது. அடி விழுந்தது அதன்மேல்.

இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு என் வீட்டுக் கதைக்கு வாருங்கள்.

2012இல் நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷத்து மின்வெட்டை இன்றைய மாணவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம், எங்களுக்குப் பதினான்கு பதினாறு மணி நேரம். ஊர்த்தெருவில் வசதிப்பட்டவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். ராத்திரி அந்தத் தெருவழியே போனால் சில வீடுகளில் மட்டும் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்கும். என்கூடப் படித்த ஒருத்தி வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. பரீட்சை சமயம், வந்து படி என்று அவள்தான் கூப்பிட்டாள். போனேன். அவளுக்கு உள்ளறை, எனக்குத் திண்ணை. அவள் குற்றமில்லை, அந்த வீட்டு ஒழுங்கு அப்படி. வாசல் விளக்கின் வெளிச்சத்தில் நான் படித்துக்கொண்டிருக்க, பத்து மணி ஆனதும் உள்ளிருந்து குரல் வரும்: ‘பேட்டரி எறங்கிரும், வெளி லைட்ட அமத்துங்க.’ மின்சாரம் எல்லோருக்கும்தான் போனது. இருட்டு எங்களுக்கு மட்டும் வந்தது.

அடுத்த வருஷம் எங்கள் தெருவுக்குப் பசுமை வீடு வந்தது. முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் என்று நீளமான பெயர். 2011இல் அறிவித்தார்கள். ஆண்டுக்கு 60,000 வீடு, ஒவ்வொன்றும் 300 சதுர அடி. தொடக்கத்தில் வீட்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், அதில் 30 ஆயிரம் சூரிய விளக்குக்கு. படுக்கையறை, முன்னறை, சமையலறை, கழிப்பறை, வராந்தா என்று ஐந்து விளக்கு. கூரையில் ஒரு தகடு, சுவரோரம் ஒரு பெட்டி, பெட்டிக்குள் பேட்டரி. எங்கள் தெருவில் பதினோரு வீடு, அதில் ஒன்று எங்களுடையது.

நான் அந்தத் திட்டத்தைக் கேலி செய்யப்போவதில்லை. கரண்ட் போன முதல் ராத்திரி எங்கள் தெரு மட்டும் வெளிச்சமாக நின்றதைப் பார்த்தவள் நான். அம்மா வராந்தா விளக்கை விடிகிறவரை அணைக்க விடவில்லை. ஊர்த்தெருவில் இன்வெர்ட்டர் இல்லாத வீடுகள் இருட்டில் கிடந்தன. ‘காலனிக்காரனுக்கு கவருமெண்டு லைட்டு போட்டுக் குடுத்திருக்கு, நாம வரி கட்டிட்டு இருட்டுல கெடக்கோம்’ என்று டீக்கடையில் பேச்சு. மூன்றாவது மாசம் தெருமுனையில் நின்ற சோலார் விளக்கில் கல் விழுந்தது. எறிந்தது யார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்றே இருக்கட்டும். ஆறாவது மாசம் அதே கம்பத்திலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டு விளக்குகள் நாலு வருஷத்துக்கு உழைத்தன. பிறகு விடியும்வரை எரிந்தது பத்து மணிவரை எரிந்தது. பத்து, எட்டானது. ஒருநாள் பொத்தானைத் தட்டியதும் சிவப்புப் புள்ளி மட்டும் மின்னி அடங்கியது. ஈய அமில பேட்டரிக்கு அவ்வளவுதான் ஆயுசு. முழுக்கக் காலியாகிறவரை இழுத்தால் அதைவிடக் குறையும். தண்ணீர் ஊற்றுகிற ரகமாக இருந்தால் குறிப்பிட்ட நாளுக்கு ஒருதரம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். இதை எங்களிடம் சொன்னவர் யாரும் இல்லை. மாட்ட வந்த பையன்கள் ஒரே நாளில் பதினோரு வீட்டையும் முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வேனில் ஏறிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை குழாய்த்தண்ணியை ஊற்றினாள். எங்கள் பக்கத்துத் தண்ணீர் கரிப்புத்தண்ணீர். அவள் வீட்டுப் பேட்டரி இரண்டே வருஷத்தில் செத்தது.

செத்த பேட்டரிகள் என்ன ஆயின? காயலான் கடைக்குப் போயின. (அந்தச் சொல்லே பக்கத்துக் காயல்பட்டினத்தாரின் வியாபாரத்தால் வந்தது என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள்.) விற்றது யார்? நாங்கள்தான். மறைக்க ஒன்றுமில்லை. எடைக்குப் போட்டுப் பிள்ளைக்கு நோட்டு வாங்கினோம். புதுப் பேட்டரி என்ன விலை என்று கேட்டு வந்த சித்தப்பா, மகளிர் குழுவில் கடன் போட்டால்கூடக் கட்டாது என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். மாற்றிக் கொடுங்கள் என்று மனு எழுதி ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் மனுவைப் படித்துவிட்டு, ‘குடுத்ததையே வித்துத் தின்னுட்டிய, இன்னொன்னு குடுத்தா அதையும் விப்பிய’ என்றார். எம்.ஏ. படித்த எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஐயா, 1990இலிருந்து இந்த மாநிலத்தில் விவசாயிகள் எல்லோருக்கும் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். நல்ல திட்டம், எதிர்ப்பு இல்லை. நிலம் இருக்கிறவனுக்குத்தான் பம்புசெட்டு, நிலம் இல்லாதவனுக்கு அதில் ஒரு யூனிட்டும் இல்லை என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். அந்தத் தோட்டத்து டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனால் அரசாங்கம் என்ன சொல்லுகிறது? ‘பராமரிக்கத் தெரியாத பயலுவ’ என்றா? லாரியில் வேறு டிரான்ஸ்பார்மர் வந்து இறங்குகிறது. ஏனென்றால் அது ‘உள்கட்டமைப்பு’. எங்கள் வீட்டுச் சுவரோரம் இருந்தது மட்டும் ‘இலவசம்’. ஒரே மின்சாரம், ஒரே அரசாங்கம். ஊருக்குக் கொடுத்தால் கட்டமைப்பு, சேரிக்குக் கொடுத்தால் பிச்சை. கட்டமைப்புக்குப் பராமரிப்புச் செலவு பட்ஜெட்டில் உண்டு. பிச்சைக்கு ஏது பராமரிப்பு? விளக்கு எரிந்த நாலு வருஷத்தை அவர்கள் சாதனைப் புத்தகத்தில் அச்சடித்தார்கள். அணைந்த கணக்கை எழுத ஒரு கட்டம்கூட அந்தப் புத்தகத்தில் இல்லை.

அணைந்ததனால் என்ன குடி முழுகிவிட்டது, கரண்ட்தான் இப்போது ஒழுங்காக வருகிறதே என்று கேட்கலாம். குடி முழுகத்தான் செய்தது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, திருச்செந்தூரில் 69. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. எங்கள் காலனியை யாரும் பார்க்கவில்லை. பள்ளத்தில் இருப்பதால்தானே அது காலனி. மேட்டை யார் நமக்குக் கொடுத்தார்கள்? கழுத்தளவு தண்ணீர், மின்சாரம் இல்லை. பசுமை வீடுகளின் மொட்டைமாடியில் நாற்பது குடும்பம் நின்றது. அதே மாடியில் பதினோரு சூரியத்தகடுகளும் நின்றன. மழை விட்ட மறுநாள் வெயிலும் வந்துவிட்டது. தகடு வெயிலில் பளபளத்தது. கீழே பேட்டரி இருக்க வேண்டிய பெட்டிக்குள் தண்ணீர். விட்டுவிட்டுச் சிக்னல் கிடைத்தது, பேச எங்கள் போன்களில் உயிர் இல்லை. நிறைமாசக்காரி ஒருத்திக்கு அன்றைக்கு ராத்திரி வலி எடுத்தது. என் சித்தப்பா மகன் வாழைத்தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நீந்தி, ரோட்டுக்குப் போய், டிராக்டர் கூட்டிவந்தான். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஒரு போன் பேசினால் முடிந்திருக்கும் காரியம்.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 2024இல் மத்திய அரசு ஒரு கோடி வீட்டுக்குக் கூரைமேல் சூரிய மின்சாரம் என்று திட்டம் கொண்டுவந்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். முதலில் கையிலிருந்து போட வேண்டும் அல்லது வங்கிக்கடன் வாங்க வேண்டும். தகட்டைத் தாங்குகிற கூரை வேண்டும். இடிந்து விழுகிற தொகுப்பு வீட்டுக்காரனுக்கு இரண்டும் இல்லை. இருந்தாலும்கூட, இந்த அமைப்பு மின்வாரியக் கம்பியோடு இணைந்தது, வழக்கமாக இதில் பேட்டரி கிடையாது. கம்பியில் கரண்ட் போனால் கூரையில் எவ்வளவு வெயில் அடித்தாலும் அதுவும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள், நியாயம்தான். ஆக வெள்ளத்தில், புயலில், எப்போது வெளிச்சம் உயிருக்குச் சமமோ அப்போது பேட்டரி இல்லாத சூரியத்தகடு வெறும் கண்ணாடி.

பேட்டரிக்குக் காசில்லை என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 4,000 மெகாவாட் மணி அளவுக்குப் பேட்டரிச் சேமிப்பு நிலையங்கள் கட்ட ஒப்புதல் கொடுத்தது. மூலதனத்தில் 40 சதவீதம் வரைக்கும் அரசே கொடுக்கும். அதற்கு ஒதுக்கிய தொகை 3,760 கோடி ரூபாய். யாருக்கு? டெண்டர் எடுக்கிற கம்பெனிகளுக்கு. கம்பெனிக்கு 40 சதவீதம் கொடுத்தால் அதன் பெயர் ‘நம்பகத்தன்மை இடைவெளி நிதி’. எங்கள் அத்தைக்குப் பேட்டரி கொடுத்தால் அதன் பெயர் இலவசம். விலையும் சரிந்துவிட்டது. 2022 ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு மாசம் 10.83 லட்சம் கேட்டார்கள். இப்போது அதில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிட்டது. 2024இல் மின்வாரியத்தைப் பிரித்துத் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் என்று தனியாக வைத்தார்கள், அதுவும் பேட்டரி நிலையங்களுக்கு டெண்டர் விட்டிருக்கிறது.

ஒரு கணக்குப் போடுங்கள். தலித் வீடு ஒன்றுக்கு ராத்திரி என்ன வேண்டும்? ஐந்து எல்.இ.டி. விளக்கு நாலு மணி நேரம், குறைவாக மின்சாரம் இழுக்கிற புதுரக மின்விசிறி ஒன்று விடிகிறவரை, ஒரு போனுக்குச் சார்ஜ். கூட்டினால் அரை யூனிட். நூறு வீடுள்ள காலனிக்கு ஒரு ராத்திரிக்கு ஐம்பது யூனிட். 4,000 மெகாவாட் மணி என்றால் 40 லட்சம் யூனிட். அதாவது கம்பெனிகளுக்கு மானியம் கொடுத்துக் கட்டப்படுகிற அந்தச் சேமிப்பு, 80,000 காலனிகளின் ஒரு ராத்திரிக்குச் சமம். எல்லாவற்றையும் எங்களுக்கே கொடு என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி ஓட வேண்டும், தொழிற்சாலை ஓட வேண்டும், ரயில் ஓட வேண்டும். அந்தக் கணக்குக்குள் சேரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்கிறேன். எந்தப் பக்கத்திலும் இல்லை.

இல்லை, தவறு. இரண்டு பக்கங்களில் இருக்கிறது. ஒன்று, நிலம். 2016இல் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. இந்த மாதிரிக் காரியங்களுக்கு எப்போதும் ‘தரிசு’ நிலத்தைத்தான் தேடுவார்கள். பட்டா இல்லாதவன் ஆடு மேய்க்கிற இடத்துக்கும், விறகு பொறுக்குகிற இடத்துக்கும், 1892இல் வெள்ளைக்காரன் நமக்கென்று எழுதிவைத்துப் பிறகு யார் யார் கைக்கோ போன பஞ்சமி நிலத்துக்கும் ரெவின்யூ ரிக்கார்டில் தரிசு என்ற பெயர் சுலபமாகப் பொருந்தும். பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். பசுமை என்று வண்ணம் பூசிவிட்டால் நிலக்கொள்ளை நிலக்கொள்ளை இல்லை என்றாகிவிடாது. உடன்குடியில் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையத்தைக் கொண்டுவந்தபோது கேட்ட அதே கேள்வியை, அதே குரலில் இங்கேயும் கேட்க வேண்டும்.

இன்னொன்று, குப்பை. எங்கள் தெருப் பேட்டரிகள் போன காயலான் கடையில் அவற்றை உடைத்தவன் யார் தெரியுமா? வெள்ளத்தில் நீந்திப் போனான் என்று சொன்னேனே, அவன்தான். சுத்தியலால் மூடியைப் பெயர்த்து, அமிலத்தைச் சாக்கடையில் கவிழ்த்து, ஈயத்தகட்டை உருவிப் போடுவான். கையுறை கிடையாது. உருக்குகிற இடத்துக்கு லாரி ஏற்றிவிடுகிறவனும் அவனே. சாயங்காலம் அதே சட்டையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்குவான். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள்படி, பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனிதான் பழசைத் திரும்ப எடுத்து முறையாக மறுசுழற்சி செய்ய வேண்டும். விதி சென்னையில் இருக்கிறது, சுத்தியல் இவன் கையில் இருக்கிறது. யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கையில் உலகம் முழுக்க 80 கோடிப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மேலே இருக்கிறது என்றும், அதில் 27 கோடிக்கு மேல் இந்தியப் பிள்ளைகள் என்றும் கணக்குச் சொன்னார்கள். முறையில்லாமல் பேட்டரி உடைப்பது அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று. ஈயம் முதலில் பிள்ளையின் மூளை வளர்ச்சியைத்தான் தின்னும். ‘இந்தப் பிள்ளையளுக்குப் படிப்பு ஏறாது’ என்று சொல்ல வாத்தியாருக்கு இதுவரை சாதி போதுமானதாக இருந்தது. இனி அதற்கு ஒரு ரசாயனக் காரணமும் கிடைத்துவிடும்.

செத்த மாட்டை அப்புறப்படுத்து, மலத்தை அள்ளு, பிணத்தை எரி என்று சொன்னவர்கள், செத்த பேட்டரியையும் நம்மிடமே தள்ளியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் காலத்து மனு தர்மம் என்று இதைச் சொல்லக் கூடாதா? பெரிய பெரிய லித்தியம் பேட்டரி நிலையங்கள் ஆயுள் முடிந்து நிற்கும் நாளில் அவற்றை யார் உடைப்பார்கள் என்று எந்த டெண்டரிலாவது சாதிவாரியாக எழுதியிருக்குமா? எழுதத் தேவையில்லை. அது எழுதாமலே நடக்கும்.

இனி நம் தோழர்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரையின் முதல் படியைப் படித்த ஒரு தோழர், ‘ஆணவக்கொலை நடக்குது, கோயிலுக்குள்ள விட மாட்டேங்கான், நீங்க பேட்டரியப் பத்தி எழுதுதிய, இது என்ன நம்ம பிரச்சினையா?’ என்றார். அவருக்கு நான் அண்ணலைக் காட்டுகிறேன். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது மின்சாரம் அவர் பொறுப்பில் இருந்த துறை. 1943 அக்டோபரில் மின்சாரக் கொள்கைக்கான குழுவின் முன்னால் அவர் பேசினார். மின்சாரம் தனியார் கையில் இருப்பதா அரசின் கையில் இருப்பதா என்று அங்கே கேள்வி வைத்தார். மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் இந்த நாட்டின் ஏழை வறுமையிலிருந்து தப்ப முடியாது என்பது அவர் வாதம். தீண்டாமைக்கு எதிராகப் போராடிய அதே மனிதர், அதே வருஷங்களில், மின்சாரம் யாருடைய சொத்து என்றும் யோசித்துக்கொண்டிருந்தார். நாம்தான் அவரை நீலச்சட்டைச் சிலையாக நிறுத்தி, கம்பிக்கூண்டு போட்டு, ராத்திரி அந்தச் சிலைக்கு ஒரு பல்பு எரிகிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை.

சேமிப்பு யாரிடம் என்ற கேள்வியை இப்போதே கேட்கவில்லை என்றால், இன்னும் பத்து வருஷத்தில் மின்சாரப் பத்தாயங்கள் எல்லாம் கட்டி முடிக்கப்பட்டு சாவிகள் இடுப்பில் ஏறியிருக்கும். பிறகு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். நான் என்ன கேட்கிறேன் என்றால், காலனிக்கு ஒரு பொதுப் பேட்டரி வேண்டும். வீட்டுக்கு வீடு பெட்டி வேண்டாம். அது தனித்தனியாகச் சாகும், தனித்தனியாகத் திட்டு வாங்கும். நூறு வீட்டுக்கு ஐம்பது அறுபது யூனிட் கொள்ளுகிற இரும்புப் பாஸ்பேட் லித்தியம் பேட்டரி ஒன்று. ஈய பேட்டரியைப் போல நாலு வருஷத்தில் சாகாது, பத்து வருஷத்துக்குக் குறையாமல் உழைக்கக்கூடியது. வெள்ளம் ஏறாத மேட்டில், வீட்டை ஒட்டாமல், தீ பரவாத தூரம் விட்டு வைக்க வேண்டும். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவில் மாஸ் லேண்டிங் என்ற ஊரில், பழைய கட்டடத்துக்குள் நெருக்கி அடுக்கிய பேட்டரி நிலையம் எரிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள், அந்தப் பயமும் நமக்கு இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளுகிற வேலை நம் தெருவில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வாழைத்தார் சுமக்கிற பையனுக்கும், கங்கைகொண்டானில் சூரியத்தகடு ஆலைக்கு வேனில் போய்வருகிற பெண்ணுக்கும் சம்பளத்தோடு கிடைக்க வேண்டும். தகடு செய்யத் தெரிந்தவளுக்கு அதைப் பராமரிக்கத் தெரியாதா? பேட்டரி மாற்றுகிற செலவு, டிரான்ஸ்பார்மர் மாற்றுகிற செலவு போல, வாரியத்தின் கணக்கில் வர வேண்டும். செத்ததை உடைக்க நாங்கள் வர மாட்டோம்.

இது நடக்குமா என்று கேட்டால், தெரியாது. மனு எழுதிப் பழகிய கை. போன மாசம் எங்கள் தெருப் பெண்கள் கூடிப் பேசினோம். பதினோரு வீட்டில் பேட்டரிகள் இல்லை, பெட்டிகள் இருக்கின்றன. ஒரு வீட்டில் கோழி அடைகாக்கிறது, எங்கள் வீட்டில் அம்மா மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் போட்டு வைத்திருக்கிறாள். மே 1 கிராம சபைக்குப் பதினோரு பெட்டியையும் கொண்டுபோய்த் தலைவர் மேசைமுன் வரிசையாக வைத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வது என்று முடிவு. இந்த ஊர்க் கிராம சபையில் எங்கள் தெருப் பெண்கள் இதுவரை கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், பேசியதில்லை. அத்தைதான் முதலில் பேசுவேன் என்கிறாள். ‘நாந்தான் கரிப்புத்தண்ணி ஊத்துனேன், சொல்லித்தராதது யாருன்னு நானே கேக்கேன்’ என்கிறாள். பெட்டிகளை ஏற்றிப்போக மினிலாரிக்காரன் எண்ணூறு ரூபாய் கேட்கிறான், ஐநூறுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். கோழி குஞ்சு பொரிக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதாம்.